அண்டாவில் ஊற்றிய பிறகு

பூசாரி மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் தீபாராதனை ஆகவில்லை. அப்போதுதான் பானுப்ரியாவின் கைப்பேசி அடித்தது. பூலாம்பாடியிலிருந்து தர்மன் மாமா, அம்மாவின் தம்பி.

“பாப்பா, அம்மா பக்கத்துல இருக்குதா? போனை எடுக்கவே மாட்டேங்குது.”

“கோயில்ல இருக்கோம் மாமா. இன்னைக்கு எங்க நகர்ல கூழ் ஊத்துறாங்கல்ல.”

“ஆமாமா, சொல்லுச்சு. ஒண்ணுமில்ல, ராத்திரி இங்க நல்ல மழை. ஈரம் காயறதுக்குள்ள வெதச்சுப்புடலாம்னு பாக்குறேன். மோட்டார் கொட்டாயில கம்பு வெத வச்சிருந்தேன், காணோம். போன வாரம் அம்மா வந்துட்டுப் போச்சே, எடுத்துச்சான்னு கேளு.”

“எந்தக் கம்பு மாமா?”

“உங்க கடையில வாங்குனதுதான். செவப்பா மருந்து போட்டது. பாக்கெட்டு கிழிஞ்சிருந்துச்சுன்னு ஒரு சாக்குல கொட்டிக் கட்டி வச்சிருந்தேன்.”

“கேட்டுச் சொல்றேன் மாமா.”

பானு கைப்பேசியை வைத்துவிட்டுக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள்.

பெரம்பலூரில், துறையூர் சாலையில் ஓர் உரக்கடையில் அவள் பில் போடுகிறாள். விதை வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. மீந்தாலும் திங்கக் கூடாது, மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேச்சு. அதை வீட்டில் மட்டும் அவள் சொன்னதில்லை. அம்மா விதை வாங்குகிறவள் இல்லையே.

இரண்டு நாளைக்கு முன் அம்மா கொல்லையில் குந்தி எதையோ அலசிக்கொண்டிருந்தாள். சாக்கடைக்கு ஓடிய தண்ணீர் ரோஸ் நிறமாக இருந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பானு, புதுச் சேலை சாயம் போகிறது போல என்று நினைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னி நகரில் ஆடிக் கூழைக் கோயிலில் காய்ச்சுவதில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது கோயில் வரி கொடுக்கும் குடும்பத்துக்கு, ஒரு பானை என்று வீட்டில் காய்ச்சி, வேப்பிலை கட்டி, தலையில் வைத்து மேளத்தோடு எடுத்து வருவார்கள். எல்லாப் பானையும் அம்மன் முன்னால் ஒரே அண்டாவில் விழும். கம்பும் கேழ்வரகும், கெட்டியும் தண்ணியும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பிறகு யார் வீட்டுக் கூழ் என்ற பேச்சு கிடையாது. படைத்து முடியும்வரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. உப்புகூடக் கை மதிப்புதான்.

புவனேஸ்வரி, பானுவின் அம்மா, இந்த நகருக்கு வந்து மூன்று ஆடி போய்விட்டது. கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். லோன் போட்டுக் கட்டிய வீடு. “புதுசா வந்தவங்கதானே, பாப்போம்” என்று கோயில் கமிட்டி அவர்களைத் தலைக்கட்டில் சேர்க்காமலே வைத்திருந்தது. கூழ் ஊற்றும் நாளில் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வாங்கத்தான் போவாள். வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவாள். இந்த வருடம் கமிட்டித் தலைவர் குருமூர்த்தியே வாசலுக்கு வந்து, “நீங்களும் ஒரு பானை கொண்டாந்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது அவள் அண்டாவுக்குப் பக்கத்தில், மஞ்சள் சேலையும் வேர்த்த முகமுமாக, மற்றப் பெண்களோடு தோள் இடிக்க நின்றுகொண்டிருந்தாள். பானு அவள் கையைப் பிடித்துக் கொடிமரத்துப் பக்கம் இழுத்து வந்தாள்.

“மாமா போன் பண்ணுச்சு. கொட்டாயில இருந்து கம்பு எடுத்தியா?”

அம்மா சிரித்தாள். “அதுக்குள்ள தேடுறானா ஒம் மாமன்? மூலையில கெடந்துச்சுடி. கடையில வாங்குனது பத்தல, அதோட சேத்து அரச்சுட்டேன். அம்மனுக்குப் போனதுன்னு சொல்லு, வாயத் தொறக்க மாட்டான்.”

“அது வெதைம்மா. மருந்து போட்டது.”

“செவப்பா இருந்துச்சே, எனக்குத் தெரியாதா? அந்துப் பூச்சிக்கு ஏதோ தடவி வச்சிருக்கான்னு நெனச்சேன். தண்ணி தெளியற வரைக்கும் அலசி, வெயில்ல காயப் போட்டுத்தான் அரச்சேன்.”

“அலசுனா சாயந்தான்மா போவும், மருந்து போவாது.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. திரும்பி அண்டாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஊத்தியாச்சேடி” என்றாள்.

“சொல்லிரலாம்மா.”

“என்னன்னு சொல்லுவ?” அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் அழுந்தியது. “வெசத்தக் கொண்டாந்து ஊத்துனவன்னு என்னைய நடுத்தெருவுல நிறுத்தப் போறியா? மொத வருசம்டி. அவ்ளோ கூழுல நம்ம பானை எம்மாத்திரம்? யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

அந்த மருந்து இத்தனை கூழில் எவ்வளவு, ஒரு டம்ளரில் எவ்வளவு, அது என்ன செய்யும் என்று பானுவுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். குழந்தைகள் இப்போதே சொம்பும் டம்ளருமாக வரிசையில் நின்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. ஆகாமலும் போகலாம் என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கையை உருவிக்கொண்டு குருமூர்த்தியிடம் போனாள். அவர் மைக்கில், ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியிருப்பவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு விசயம்.”

“என்ன பாப்பா, சத்தமாப் பேசு.”

“கூழ… கூழ இப்ப குடுக்க வேணாங்க.”

மேளம் முழங்கியது. மணி அடித்தது. “பூசை முடியட்டும் பாப்பா” என்று அவர் செருப்பில்லாத காலால் ஒயரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். பானுவின் குரலே அப்படித்தான். கடையில்கூட, “வாயத் தொறந்து சொல்லும்மா, எவ்வளவு?” என்று கேட்காத ஆள் இல்லை.

தீபாராதனை ஆயிற்று. கற்பூரத் தட்டு வெளியே வந்தது. பெரியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவின் மூடியைத் தள்ளினாள். வருடா வருடம் கூழ் கலக்குவதும் ஊற்றுவதும் அவள்தான். வேறு யாரும் கரண்டியைத் தொட முடியாது.

“தள்ளாதீங்கடா. கூழு எங்கயும் ஓடிரல. பாத்திரத்த நேராப் புடி.”

முதல் டம்ளரை நீட்டியது ஒரு சிறு பெண். கூழ் டம்ளரில் விழுந்தது.

“பல்லி!” என்று ஒரு குரல் கத்தியது. அது தன் குரல்தான் என்று பானுவுக்கு ஒரு கணம் கழித்தே புரிந்தது. “பல்லி விழுந்துருச்சு! குடிக்காதீங்க!”

யார் என்று தெரியாத கை ஒன்று குழந்தையின் டம்ளரைத் தட்டிவிட்டது. வரிசை கலைந்தது. அத்தனை பேரும் நம்பினார்கள், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பானு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவள் தோள் இறங்கியதைப் பானு பார்த்தாள்.

“நீ பாத்தியா பாப்பா?” குருமூர்த்தி ஓடி வந்தார்.

“பாத்தேங்க.”

“எந்தப் பக்கமா விழுந்துச்சு?” என்று பூசாரி கேட்டார். “கெழக்கா மேற்கா? பலன் இருக்குதுல்ல.”

“யோவ், கூழே போச்சுன்னு நிக்கிறோம், பலன் பாக்குறாரு” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

பெரியம்மாள் கரண்டியை விட்டுத் துழாவினாள். ஒன்றும் வரவில்லை. அடிவரை விட்டாள். “நான் இங்கயேதான் நின்னேன். மூடி போட்டுத்தான் வச்சிருந்தேன். எப்படிடி விழும்?”

“மூடி போட்டிருந்தா எப்படி விழும்னுதான் நாங்களும் கேக்குறோம்” என்றார் குருமூர்த்தி. “வெத்தல போடப் போயிருப்ப. வயசாச்சுன்னா வேற ஆளுக்கு வுட்டுக் குடுக்கணும். இத்தனை தலைக்கட்டுக் கூழும் மண்ணாப் போச்சு ஒன்னால.”

“நான் எங்கயும் போவலங்க. சத்தியமா நவுரல.”

“பல்லி பொய் சொல்லுதா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியம்மாள் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டு விலகி நின்றாள். பானு அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். எப்படியோ கூழ் போய்விட்டது, குழந்தைகள் குடிக்கவில்லை, போதும் என்று தன்னையே தேற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

அதற்குள் சாமிதுரை பக்கெட்டோடு வந்துவிட்டார். கோயிலை ஒட்டிய காலி மனையில் அவர் கறவை மாடுகள் கட்டியிருந்தன. பொன்னி நகரில் பாதி வீட்டுக்குக் காலையில் அவர் பால்தான்.

“பல்லிக்குப் பயந்து அவ்வளவையும் சாக்கடையிலயா ஊத்துறது? எம் மாடுங்க குடிக்கும். மாடு தாங்கும்.”

“அதுவும் சரிதான். அம்மன் பிரசாதம் வீணாவக் கூடாது” என்றார் குருமூர்த்தி. “புடிங்கப்பா.”

பக்கெட் பக்கெட்டாகக் கூழ் மாட்டுத் தொட்டிக்குப் போனது. செவலைப் பசு ஒன்று சினையாக இருந்தது. கூழின் புளித்த வாசனைக்கு அது கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தது. சாமிதுரை முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

பானு ஓடினாள். தொட்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றாள். மாட்டின் மூச்சு அவள் வயிற்றில் சூடாகப் பட்டது.

“மாட்டுக்குக் குடுக்காதீங்க.”

“நவுரு பாப்பா, முட்டிரப் போவுது.”

“குடுக்காதீங்கண்ணே. மாடு செத்துரும். கன்னும் போயிரும்.”

“பல்லிக்கா?” சாமிதுரை கயிற்றைப் பிடித்தபடியே சிரித்தார். “எம் மாடு பாம்பையே மிதிச்சுட்டு வந்து பால் கறந்துச்சு.”

“பல்லி இல்லண்ணே.” மாட்டின் கொம்பைப் பார்த்தே பேசினாள். மனிதர்களைப் பார்த்தால் வார்த்தை வராது என்று தெரிந்தது. “பல்லியே விழல. நான் பொய் சொன்னேன். கூழுல வெதக் கம்பு கலந்திருக்கு. மருந்து போட்ட வெத.”

சாமிதுரை கயிற்றை வெடுக்கென்று இழுத்து மாட்டைப் பின்னால் தள்ளினார்.

“யார் வூட்டுக் கம்பு?” என்றார் குருமூர்த்தி.

பானு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“ஒன்னத்தான் கேக்குறேன். யார் வூட்டுது?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்களது கேவுருங்க” என்றது ஒரு குரல். “நாங்க ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல வாங்குனது, மாவாவே வாங்குனோம்.” “எங்க கம்பு வூட்டுக் கம்பு, சொந்தக் காட்டுல வெளஞ்சது.” ஒவ்வொருவரும் தன் பானையைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கலந்தது அத்தனையும் வாயாலேயே பிரிந்துகொண்டிருந்தது. கடைசியில் பேசாமல் நின்றவர்கள் சிலர்தான். எல்லோருடைய கண்ணும் பெரியம்மாள் பக்கம் போய் நின்றது. அவள் வீட்டில் வறுமை என்பது நகருக்கே தெரியும்.

“என்னைய ஏன் பாக்குறீங்க?” என்றாள் பெரியம்மாள். குரல் உடைந்திருந்தது. “பல்லியும் நாந்தான், மருந்தும் நாந்தானா?”

“அது எங்கூட்டுக் கம்புங்க.”

அம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தாள். தலையில் வைத்திருந்த பூ சரிந்து தோளில் தொங்கியது. அவள் குருமூர்த்தியைப் பார்த்துப் பேசினாள். “எந் தம்பி கொட்டாயில இருந்து எடுத்தது. மருந்துன்னு தெரிஞ்சுதான் அலசுனேன். அலசுனாப் போதும்னு நெனச்சேன். சாமி கும்பிடறதுக்கு முன்னாடியே இவ வந்து சொன்னா. நாந்தான் சொல்ல விடல.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை. பானுவுக்கே அது தூக்கிவாரிப்போட்டது.

“சொல்ல விடலன்னா?” ஒரு பெண், தன் குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி முன்னால் வந்தாள். “எம் புள்ளைக்குத்தானே மொத டம்ளரு ஊத்துனாங்க! ஊத்தட்டும்னு பாத்துட்டு நின்னியா நீ?”

அம்மா தலை குனிந்து நின்றாள்.

“அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், புதுசா வந்தவங்கள…” என்று யாரோ ஆரம்பித்தார்கள். குருமூர்த்தி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவரும் தொட்டிக்கு ஊற்றச் சொன்னவர்தான்.

சாமிதுரை மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். நாக்கைத் துண்டால் துடைத்து மோந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். “இது மட்டும் குடிச்சிருந்துச்சுன்னா, ஒங்கள சும்மா வுட்டிருக்க மாட்டேன்.”

“விட்டிருக்கக் கூடாதுண்ணே” என்றாள் அம்மா.

மனையின் மூலையில் குழி தோண்டினார்கள். நல்ல ஆழமாகத் தோண்ட வேண்டும், நாய் கிளறக் கூடாது, தொட்டியைத் தேய்த்துக் கழுவிய தண்ணீரும் குழிக்குள்தான் போக வேண்டும் என்று பானு சொன்னாள். சத்தமாகச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மண்வெட்டி பிடித்தவர்கள் அவள் சொன்னபடி செய்தார்கள். ஆனால் அவளோடு பேசவில்லை. குழந்தைகளை அவரவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மைக்செட்டுக்காரர் கேட்காமலே பாட்டை நிறுத்தினார்.

அம்மா மீதிக் கூழ் இருந்த அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்தாள். தனியாகத் தூக்குகிற பாரம் இல்லை. சாய்த்து இழுக்கப் பார்த்தாள். அண்டா மண்ணில் அழுந்தி நின்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் நின்றபடியே நின்றார்கள். பானு மறு வளையத்தைப் பிடிக்கப் போனாள். அதற்கு முன் பெரியம்மாளின் கை அங்கே வந்துவிட்டது.

“ஒம் பொண்ணு எம்மேல பல்லியத் தூக்கிப் போட்டாளே” என்றாள் பெரியம்மாள், அம்மாவைப் பார்க்காமல். “அத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன் பாத்துக்க.”

“மறக்காதக்கா.”

“தூக்கு. இடுப்பு புடிச்சுக்காமத் தூக்கு.”

இருவரும் அண்டாவைக் குழியின் விளிம்புக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். கூழ் கெட்டியாக, மெதுவாக இறங்கியது. மண் அதைக் குடிக்க நேரமானது. பானு ஓரமாக நின்று, கடைசிச் சொட்டு விழுந்து மண் மூடும்வரை அங்கிருந்து நகரவில்லை.