வள்ளித்தாயின் நீலப் புள்ளி

சங்கிலிமுத்து அண்ணாச்சி தன் மனைவி வள்ளித்தாயின் செல்போனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டையில் இருக்கும் என் செல்போன் கடைக்கு வந்தார். அக்கா துணி துவைக்கும் நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்.

“ஆசிப் பாய், இவ எங்கன இருக்கான்னு என் போன்ல தெரியணும். அவளுக்குத் தெரியாம போட்டுக் குடுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டற்ற மென்பொருள், அந்தரங்க உரிமை என்று பேசிப் பேசியே பாதி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். அப்போது என் பக்கம் நின்ற ஒரே ஆள் இவர்தான். பட்டாசுக் கம்பெனியில் கைரேகை வைத்து உள்ளே வரச் சொன்னபோது, “நாங்க என்ன களவாணிகளா?” என்று கத்தி வேலையை விட்டவர். இப்போது ஊரே தெருவுக்குத் தெரு கேமரா கேட்கிறது. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறது. இவருமா என்று இருந்தது.

“அக்கா மேல சந்தேகமா அண்ணாச்சி?”

அவர் முகம் சுண்டிப்போனது. “சீச்சீ. பட்டாசு சீசன்ல ஏஜெண்டு இவள தினம் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு ஏத்திட்டுப் போறான். போன தடவ வெடிச்சப்ப இவ எங்கன இருக்கான்னே தெரியல. ஆஸ்பத்திரில பொணங்க மேல மூடுன ஒவ்வொரு துணியா வெலக்கி வெலக்கிப் பாத்தேன் பாய். வீட்டுக்கு வந்தா, இவ அரிசி களஞ்சிக்கிட்டு இருக்கா.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் திருட்டுத்தனமாகப் போட்டுத் தர மனம் வரவில்லை. அக்காவைக் கூட்டி வரச் சொன்னேன்.

அக்கா கேட்டதும் சிரித்துவிட்டார். “போன் கம்பெனி கேட்டுல ஒரு டப்பாவுல கெடக்கும். உள்ள கொண்டுபோக விடமாட்டாக. டப்பா எங்கன இருக்குன்னு பாக்கப்போறீகளா?” பட்டாசு வேலையிலேயே கிடந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை. பயம் அப்படி. ஆஸ்பத்திரிக்குப் போனதை நான்தான் சொன்னேன். அக்காவின் சிரிப்பு நின்றது. தன் போனை என் பக்கம் நகர்த்தினார்.

“போடுங்க தம்பி. ஆனா நான் அமுக்குனாத்தான் தெரியணும்.”

உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள் ஒன்றைப் போட்டேன். தகவல் என் கடையின் பழைய கணினி வழியாகத்தான் போகும், எந்தக் கம்பெனிக்கும் போகாது. அக்கா தொட்டால் அண்ணாச்சியின் போனில் நீலப் புள்ளி வரும். அக்கா ஒருநாளும் தொடவில்லை. வரைபடம் சும்மாவே கிடந்தது.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு மத்தியானம் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. மேற்கே கரும்புகை எழுந்தது. அண்ணாச்சி ஓடி வந்தார். அக்காவுக்கு லைன் கிடைக்கவில்லை. வரைபடத்தில் ஒன்றுமில்லை.

“அன்னைக்கே அவளுக்குத் தெரியாம போட்டிருக்கலாம்ல பாய்...”

 போட்டிருக்கலாம் என்றுதான் அந்த நிமிஷம் எனக்கும் பட்டது.

புள்ளி வந்தது. புகைக்குத் தள்ளி, வேறொரு கம்பெனி வாசலில். அண்ணாச்சி கடைப்படியில் உட்கார்ந்து அழுதார். “அவதான் அமுக்கியிருக்கா. அவளேதான்.”

புள்ளி நகர ஆரம்பித்தது. வீட்டுப் பக்கம் இல்லை. புகை வந்த பக்கம்.

“அங்கனதான் அவ தங்கச்சி வெள்ளைத்தாய் தெனமும் வேலைக்குப் போவா” என்றார்.

“திரும்பி வரச் சொல்லி மெசேஜ் போடவா?”

அவர் கண்ணைத் துடைத்தார். “வேண்டாம் பாய். வண்டிய நீங்க எடுங்க, நான் புள்ளியக் காட்டுறேன்.”

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் உட்கார்ந்த அண்ணாச்சி நான் பார்க்கும்படி போனை என் தோளுக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டார். புள்ளி எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.