பதினொரு நாள் காவல்

அந்தக் கம்பியை அன்றைக்கே ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். விறகுக் கட்டுக்குப் பின்னால் ஏன் சொருகி வைத்தேன்? இருக்கிறது என்று தெரிந்ததால்தானே கேட்கிறாள். பூரணி இப்படி நினைத்துக்கொண்டே தேத்தண்ணிக் கோப்பையை நிஷாந்தி டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

டீச்சர் ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். கைவிடப்பட்ட நாய்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்து வைத்தியம் பார்க்கிறவள். அதற்குப் பேஸ்புக்கில் கேட்டுப் பணம் சேர்க்கிறவள். போன வருடம், பூரணி வளர்க்கும் நாய் பிரவுணியின் கழுத்துப் புண்ணை ஆற்றியதும் அவள்தான். இப்போது ஓட்டோ ஏறி இடுப்பு உடைந்த ஒரு பெட்டை நாய் அவளிடம் கிடக்கிறது. கண்டிக்குக் கொண்டுபோய் இந்த வாரமே ஒப்பரேசன் செய்தால்தான் அது நடக்குமாம். பணம்தான் சேரவில்லை.

"அது சும்மா படுத்திருக்கிற மாதிரித்தான் படத்துல தெரியுதுக்கா. சொகமா தெரியிற நாய்க்கு யாரும் குடுக்கிறாங்க இல்ல. கெடந்த கெடையைப் பாத்தாத்தான் மனசு எறங்குது."

பிரவுணியை அதே கதவில், அதே கம்பியில் ஐந்து நிமிடம் கட்ட வேண்டும். கழுத்தில் ரத்தம்போலச் சிவப்பு மருந்து தடவிக்கொள்ளலாம். பூரணி ஓடிவந்து அவிழ்ப்பதுபோல் ஒரு வீடியோ. இவ்வளவுதான் டீச்சர் கேட்டது.

போன வருடம், தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான இந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் ஒரு விடியலில் கொழும்புக்குப் போனார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவரும் என்று தங்கள் நாய் பிரவுணியைக் கம்பியால் கதவில் கட்டினார்கள். இந்தத் தோட்டத்தில் ஆள் போன காம்பராவை மேனேஜர் தொரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் பூட்டிவிட்டு நாயைக் கட்டிப்போட்டுப் போவது வழக்கம். இரண்டொரு நாளில் யாராவது திரும்பி வருவார்கள். நாய் இருந்தால் காம்பராவுக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் பூரணி ஒரு தட்டில் சோறு எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த காம்பரா நாகலெட்சுமி வாசலில் நின்று சிரித்தாள். "என்னா பூரணி, ஒன் கூரை ஒழுகுதுன்னு அந்தக் காம்பராவுக்கு நாயைக் கைக்குள்ள போட்டுக்கிறியா?"

பூரணி சோற்றோடு திரும்பிவிட்டாள். அதன்பிறகு கொழுந்தெடுக்கப் போகும்போதும் வரும்போதும் மறுபக்கம் பார்த்து நடந்தாள். நாய் முதலில் குரைத்தது. பிறகு கூரையில் வழிந்த மழைத்தண்ணியை நக்கிக்கொண்டு முனகியது. பன்னிரண்டாம் நாள் சத்தமே இல்லை. அன்றைக்குத்தான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கம்பி சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுத்து, நாயைத் தன் காம்பராவுக்குத் தூக்கி வந்தாள்.

புருஷன் போன பிறகு, மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, இந்தக் காம்பராவில் மூச்சுவிடும் இன்னொரு உயிர் பிரவுணிதான். சாயந்தர பஸ் வளைவில் திரும்பும்போது இரண்டு பேருமே தலையைத் தூக்குவார்கள். பஸ் நிற்காமல் போகும். பிரவுணி முகத்தைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொள்ளும். பூரணி அடுப்பை மூட்டப் போவாள்.

"வேணுமுன்னா என்னய எடுங்க டீச்சர்," என்றாள் பூரணி. "பதினோரு நாளு பாத்துக்கிட்டே போனேன்னு நானே சொல்றேன்."

அப்படிச் சொன்னால் ஆட்கள் திட்டுவார்கள், பணம் போட மாட்டார்கள் என்றாள் டீச்சர். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அந்தப் பெட்டைக்கு வேற வழி தெரியலக்கா. இது நடிப்புத்தானே."

உண்மைதான். அந்தப் பெட்டை நடக்காமலே போகலாம். அதுவும் தன் கணக்கில்தான் சேரும் என்று பூரணிக்குத் தெரிந்தது. நடிப்பு என்பது டீச்சருக்குத் தெரியும், தனக்கும் தெரியும். பிரவுணிக்கு யார் சொல்வது?

எழுந்து விறகுக் கட்டுக்குப் பின்னால் கைவிட்டுக் கம்பியை எடுத்தாள். வாசலில் படுத்திருந்த பிரவுணி அவள் கையைப் பார்த்தது. ஓடவில்லை. வாலை மட்டும் ஒடுக்கிக்கொண்டு, கட்டுவதற்குத் தோதாகக் கழுத்தைத் தாழ்த்தியது.

பூரணி கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்," என்றாள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."