நூற்றெண்பது சுற்று

கிண்ணத்துத் தண்ணீரை மூன்றாம் முறையாக மாற்றிவிட்டாள். அப்படியும் கணவரின் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போவேனா என்றது. உயிரோடு இருந்தபோது மண்ணெண்ணெய் தொட்டு அவரே தேய்த்துக்கொள்வார். அதுவும் ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்பும்போது, "கையைக் கொஞ்சம் பாருங்க" என்று இவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான். இன்றைக்கு யாரும் சொல்லாமலே கையைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

"போதும் அண்ணி, விடுங்க. போர்வையைப் போத்திடப் போறோம். யாரு பாக்கப் போறா?" என்றான் கொழுந்தன்.

"நான் பாக்கறேன்ல?"

அவன் வாசலுக்குப் போய்விட்டான். ராத்திரி பூராவும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவன். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கையோடு வாங்கி, விடிந்ததும் அண்ணனைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியிருந்தான். மகள் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து முகம் பார்த்ததும் எடுத்துவிடுவதாகப் பேச்சு.

வலது கையைத் துடைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பியபோதுதான் அவள் அதைக் கண்டாள். நாலு விரலுக்கும் அடியில் வரிசையாகக் கொப்புளம். ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் உடைந்து தோல் சுருண்டு, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. இடது கையையும் பிரித்துப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான் இருந்தது.

இருபத்தாறு வருஷம் ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கை. கன்னத்தில் வைத்தால் கீறும். அந்தக் கை கொப்புளம் கண்டிருக்கிறதென்றால்?

"இங்க வாப்பா," என்று கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இது எப்படி வந்துச்சு?"

"விழும்போது எதையாவது புடிச்சிருப்பாரு."

"விழுந்தா சிராய்க்கும். இப்படியா வரும்?"

நேற்று மதியம் இரண்டரை மணிக்கு அவளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். "மழை விடற மாதிரி இல்ல. கடலும் ஏறிட்டு வருது. நான் வர நேரமாகும். எனக்காகக் காத்திருக்காத, சாப்பிட்டுடு." காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அவள் ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்துப் பேச்சு ஒரு 'ம்'மில் முடிந்தது.

ஆறு மணிக்கு டியூட்டி மாற்ற வந்தவன்தான் அவரைப் பார்த்தான். இறைப்பு நிலையத்தின் பின்னால், வால்வுத் தொட்டி ஓரமாக, மழையில் குப்புறக் கிடந்தாராம்.

ஊரின் சாக்கடையெல்லாம் கடைசியில் வந்து சேரும் கிணறு அது. அங்கிருந்து பம்பு வைத்து இறைத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். அவர் அங்கே ஆப்பரேட்டர். அலுவலகத்தில் எல்லோருக்கும் 'கிணத்துக்காரர்'. "உங்க கிணத்துக்காரர் சௌக்கியமா?" என்றுதான் அவளையே விசாரிப்பார்கள். அவளும் அதே மாநகராட்சியில், அதே கழிவுநீர்ப் பிரிவில் தட்டச்சாளர். அவர் கிணற்றடியில், இவள் மூன்றாவது மாடியில்.

புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால், அதன் சாக்கடையை ஊர்க் குழாயில் சேர்க்க அனுமதிக் கடிதம் வேண்டும். அதை அடிப்பது அவள் வேலை. கட்டடத்தின் பெயர் மாறும், தேதி மாறும். நாலாவது வரி மட்டும் மாறாது: 'மேற்படி கட்டடத்தின் கழிவுநீரை ஏற்கப் போதிய கொள்ளளவு உள்ளது.' பதினான்கு வருஷமாக அந்த வரியை அடிக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் பிழையில்லாமல் அடிப்பாள்.

"நீ மேல ஒரு வரி அடிச்சா எனக்குக் கீழ ஒரு சாண் ஏறுதுடி," என்று அவர் ஆரம்பத்தில் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். "அப்போ நாளைக்கு நாலு லெட்டர் இருக்கு, நீச்சல் கத்துக்குங்க." அப்படி ஒரு காலம். பிறகு கழிமுகத்தை மண் கொட்டி நிரப்பி இருபது மாடி, முப்பது மாடி என்று எழுப்பினார்கள். கார் நிறுத்தத் தரைக்குக் கீழேயும் இரண்டு தளம். பதினோராயிரம் வீட்டுக்குக் கட்டிய கிணற்றில் நாற்பதாயிரம் வீட்டுத் தண்ணீர் வந்து விழுந்தது. அவர் சிரிப்பதை நிறுத்தினார். போன வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வரிய அடிக்காம விட முடியாதா?"

"நான் அடிக்கலன்னா பக்கத்து சீட்டு அடிப்பா."

"அதுவும் சரிதான்," என்று எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒன்பதரை மணி இருக்கும். டியூட்டி மாற்ற வந்தவன், முப்பத்தைந்து வயதுச் சுருட்டைமுடிக்காரன், வாசலில் செருப்பைக் கழற்றாமல் தயங்கி நின்றான். அவள் கை காட்டிக் கூப்பிட்டதும் உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்காமல் அவரது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

சுருட்டை பார்த்தான். பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

"முழுசா மூடியிருந்தாரு அக்கா. நான் போயி சக்கரத்தைத் தொட்டுப் பாத்தேன். ஒரு இம்மி அசையல. அவ்வளவு இறுக்கமா மூடியிருந்தாரு."

"என்னத்த மூடினாரு? புரியற மாதிரி சொல்லு."

"கிணத்துலேருந்து கடலுக்கு ஒரு பழைய குழாய் போகுதுல்ல? கடல் ரொம்ப ஏறினா, அது வழியா உப்புத்தண்ணி உள்ள வந்துடும். அதுக்குத்தான் வால்வு. மோட்டார்ல மூடணும். மோட்டார் போயி பதினெட்டு மாசமாச்சு. கையாலதான் சக்கரத்தைச் சுத்தணும். நூத்தியெண்பது சுத்து. ரெண்டு பேர் மாத்தி மாத்திச் சுத்தினாலே முதுகு விட்டுப்போகும்."

"ரெண்டாவது ஆளு யாரு?"

"ரெண்டாவது ஆளத்தான் எடுத்துட்டாங்களே. ஷிப்டுக்கு ஒருத்தர் போதும்னு. நேத்து எனக்குப் போன் பண்ணாரு, 'ஒரு மணி நேரம் வந்துட்டுப் போடா'ன்னு. பகல்ல என்னை வேற ஸ்டேஷன்ல போட்டிருந்தாங்க. ஆறு மணிக்கு முன்ன விடல. இன்ஜினியருக்கு மூணு தடவ அடிச்சிருக்காரு. ஆள் அனுப்பறேன்னாராம்."

"அனுப்பினாரா?"

சுருட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மூடாம விட்டிருந்தா பம்பெல்லாம் முங்கியிருக்கும் அக்கா. இந்தப் பக்கம் பள்ளத்துல இருக்கற தெருவெல்லாம் வீட்டுக்குள்ள இடுப்பளவு நின்னிருக்கும். ஒரு மாசம் ஆனாலும் வடியாது," என்றான். "மூடினதால சாக்கடைத் தண்ணி கடலுக்குப் போற வழி இல்லாம அந்தக் கழிமுகத்து அடுக்குமாடிக்காரங்களுக்குக் கீழ்த்தளத்துல ஏறிடுச்சு. முந்நூறு காரு உள்ள. அதான் இப்ப குதிக்கறாங்க."

அவள் கணவனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையைப் போர்வைக்குள் வைத்தாள். நூற்றெண்பதில் எத்தனையாவது சுற்றில் நெஞ்சு வலித்திருக்கும்? வலித்த பிறகு எத்தனை சுற்றியிருப்பார்? கேட்கத்தான் நினைத்தாள். யாரிடம் கேட்பது?

பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். பெரிய மலர்வளையம். டிரைவர் தூக்கிவர, அவர் வைத்துவிட்டுக் கைகட்டி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கொழுந்தனிடம், "அம்மாகிட்ட தனியா ரெண்டு வார்த்தை," என்றார். சமையலறையைத் தவிரத் தனியிடம் இல்லை. கழுவாத பாத்திரங்களுக்கு நடுவில் நின்று, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஒரு பார்மாலிட்டிதான்மா. நீங்க நம்ம ஆபீஸ் ஆளு, உங்களுக்குத் தெரியாததா? மதியம் மேலிடத்துல மீட்டிங். அதுக்குள்ள வேணும்."

அவள் வாசித்தாள். 'என் கணவர் சில நாட்களாக நெஞ்சுவலியால் அவதிப்பட்டு வந்தார். அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் மறைத்துவிட்டார். நேற்று உடல்நலமற்ற நிலையில், மேலதிகாரிகளின் உத்தரவு இல்லாமல் தாமாகவே வாலவை மூடிவிட்டதாக அறிகிறேன்.'

வாலவை. புள்ளி விட்டுப்போயிருந்தது. அது பக்கத்து சீட்டுக்காரியின் வழக்கம், எத்தனை தரம் சொன்னாலும் திருந்தமாட்டாள். காலையில் முதல் ஆளாக வந்து இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள்தான். "ஆபீஸ்ல அவசர வேலைக்கா, வரலன்னா திட்டுவாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவசர வேலை இதுதான் போலிருக்கிறது.

"அவருக்கு நெஞ்சுவலி இருந்ததே இல்ல சார்."

"இருந்திருக்கும்மா. சொல்லியிருக்க மாட்டாரு. நல்ல மனுஷன்."

"உங்களுக்கு மூணு தடவ போன் பண்ணாராமே?"

"மழையில ஊரே போன் பண்ணுது. நான் யாருக்குன்னு ஓடறது?" சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார். "போனவரைப் பத்தி இனிமே என்ன இருக்கு? அந்த அடுக்குமாடியில பெரிய பெரிய ஆளெல்லாம் இருக்காங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். அவருக்கு இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"கொள்ளளவு போதும்னுதானே சார் அந்தக் கட்டடத்துக்கு லெட்டர் குடுத்தோம்? போதும்னா கீழ்த்தளத்துல எப்படி ஏறுச்சு?"

பொறியாளர் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். பைப்பைத் திருகி இறுக்கினார்.

"அந்த லெட்டர்ல கீழ ஓரத்துல தட்டச்சாளர் இனிஷியல் இருக்கும்மா. உங்களோடது. பதினாலு வருஷமா. நான் எதுக்குச் சொல்றேன்னா, கிளறினா எல்லாருக்கும்தான் நாத்தம்."

மிரட்டல் மாதிரிகூட இல்லை. அக்கறையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பேனா குடுங்க சார்," என்றாள்.

தாளை அடுப்பு மேடையில் வைத்தாள். மூன்று வரியையும் கோடு போட்டு அடித்தாள். கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள். அவள் கையால் எழுதி நாளாகியிருந்தது. எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் உருண்டை உருண்டையாக விழுந்தது. 'வால்வு மோட்டார் பதினெட்டு மாதமாக ஓடவில்லை. என் கணவர் நூற்றெண்பது சுற்றும் தனியாகச் சுற்றி மூடினார். கொள்ளளவு போதும் என்று அடித்தது நான். அது பொய்.' முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வால்வுக்குப் புள்ளி வைத்திருக்கிறோமா என்று ஒருதரம் சரிபார்த்தாள்.

பொறியாளர் வாசித்தார். கோபப்படவில்லை. தாளை இரண்டாக மடித்தார், இன்னொரு முறை மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா," என்றார்.

கோப்புக்குப் போகும் தாளை யாரும் நாலாக மடிப்பதில்லை. அது அவளுக்குத் தெரியாதா?

பதினொன்றேகாலுக்கு மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே அப்பாவின் மேல் விழுந்தாள். அதற்கு மேல் தாமதிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

இடுகாட்டுக்குப் போக அடுக்குமாடியைத் தாண்டித்தான் வழி. வாசலில் மூன்று டேங்கர் லாரிகள் நின்று கீழ்த்தளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. தொடை தடிமனுக்குக் குழாய் ஒன்று சாலையின் குறுக்கே கிடந்தது. பிண வண்டி நின்றுவிட்டது. மேலே பால்கனிகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற ஒருவர் காவலாளியிடம், "ஒருத்தன் தூங்கிட்டான், ஊரே நாறுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் வண்டியிலிருந்து குதித்தான். "யோவ், யாரைச் சொல்ற?" என்று பாய்ந்தவனைச் சுருட்டை இடுப்போடு பிடித்து இழுத்தான். கைக்குட்டைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டிக்குள் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அஞ்சு நிமிஷம் பொறுங்க, லோடு ரொம்பட்டும்," என்றான் லாரிக்காரன்.

"ரொம்பினதும் எங்க கொண்டுபோய் ஊத்துவீங்க?" என்று மகள் கேட்டாள்.

"வேற எங்க? அந்தக் கிணத்துலதான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதிர்ச் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாயிற்று. குழாயை இழுத்து ஓரம் போட்டதும் வண்டி குலுங்கி நகர்ந்தது.

மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. குழிக்குள் ஊறிய தண்ணீரை இரண்டு பேர் வாளியால் மொண்டு கொட்டினார்கள். இறக்கினார்கள். மூடினார்கள். நின்றவர்கள் எல்லோருக்கும் முழங்கால் வரை சேறு.

வீடு திரும்பியதும் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்கட்டுக் குளியலறையில் கால் கழுவினார்கள். வாளி நிரம்பும் சத்தம், கொட்டும் சத்தம். "சோப்பு எங்கக்கா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தன் பேரக் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, "நம்மது பள்ளத்துத் தெரு, நேத்து மழைக்கு என்ன ஆகுமோன்னு நெனச்சேன். நல்லவேளை, ஒரு சொட்டு உள்ள வரல," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே அதன் காலைத் தேய்த்துவிட்டாள்.

எல்லோரும் போனபிறகு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாதத்தில் தண்ணீரை ஊற்றினாள். சேறு கரைந்து, தரையில் ஒரு கோடாக ஓடி, மூலையிலிருந்த ஓட்டையைச் சுற்றி ஒருமுறை சுழன்று இறங்கியது. இன்னொரு செம்பு ஊற்றினாள். அதுவும் எங்கும் நிற்காமல் அந்தக் கிணற்றுக்குப் போனது. வெளியே மகள் கதவைத் தட்டினாள். அவள் இன்னொரு செம்பு மொண்டாள்.