உயிர்த்தண்ணி

கட்டை விரலால் லேசாக ஓர் அழுத்து. அவ்வளவுதான். பச்சைத் தண்டு, கனிந்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது.

பாலகுமார் விரலை வெடுக்கென்று எடுத்தான்.

அழுகியிருந்தது அடித்தண்டுதான். அதன் உச்சியில் ஒட்டுப் போட்டிருந்த சிவப்புக் கள்ளி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல ஜொலித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பது. பன்னிரண்டுக்குப் பவானி வந்துவிடுவாள்.

கள்ளி அவளுடையது.

பவானி சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவனுக்குப் பார்த்திருக்கும் பெண். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் போய்விட்டது. அவள் மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மூன்று வார ட்ரெயினிங்குக்குத் திருச்சி கிளம்பிய அன்று, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தொட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"வெளிச்சம் மட்டும் போதும். நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது."

"அவ்ளோதானா? ப்பூ!"

"சுலபம்னு நெனைக்காதீங்க. உங்க வீட்டுல ஊத்த வருவாங்க. நீங்க வேணாம்னு சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவலாமான்னு, பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கேட்டேன். உங்க அம்மா 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்'னாங்க. நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அதான் பயமா இருக்கு. திரும்பி வந்து பதில் சொல்றேன்."

கோல்ட் ஸ்டோரேஜில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர் அவன். வீட்டில் ஒரே ஓர் ஆளிடம் நாக்கு எழாது. அம்மா லோகநாயகி.

புவனகிரிப் பக்கம் நெல்லும் உளுந்தும் விளைவித்த கை. முதுநகருக்குக் குடிவந்து பதினைந்து வருஷமாகியும், காய்ந்த மண்ணைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்காது.

"இதுக்குத் தண்ணி ஊத்தாதம்மா."

"ஏண்டா, அது என்னா பாவம் பண்ணுச்சி? வாசல்ல நிக்கிற நாய்க்கே தண்ணி வெக்கிறோம்."

முதல் வாரம் அரிசி கழுவிய தண்ணீர். தொட்டியை பீரோ மேல் ஏற்றினான். அம்மா ஸ்டூல் போட்டு ஏறினாள். மாடி ரூமில் வைத்துப் பூட்டினான். இன்னொரு சாவி அம்மாவின் முந்தானையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் மஞ்சள் தண்ணீர் வேறு. "மருமவ குடுத்தது. வாடிப் போனா ஊரு என்னாடா சொல்லும்?"

ஒவ்வொரு முறையும் 'வேணாம்மா' என்று அவன் சொல்லத்தான் செய்தான். அம்மா முறைத்ததும் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நர்சரி வைத்திருக்கும் செம்பியனுக்குப் போன் போட்டான். கூடப் படித்தவன்.

"தலைய அறுத்துடு மச்சான்," என்றான் செம்பியன். "அந்தச் செவப்புல பச்சையே கெடையாது. சொந்தமா சோறாக்கத் தெரியாது, கீழ இருக்குற தண்டு ஊட்டுறதத்தான் தின்னும். உன்ன மாரி."

"டேய், வெளாடாத. பன்னெண்டு மணிக்கு வந்துடுவா."

"சரி, வா. டிராகன் பழத் தண்டு ஒண்ணு தரேன், தொட்டியோட. அறுத்தா நடுவுல ஒரு வளையம் தெரியும். ரெண்டு வளையமும் ஒண்ணோட ஒண்ணு ஒக்காரணும். பழுப்பு தெரிஞ்சா இன்னும் மேல அறு. ஒட்டுனப்புறம் ரெண்டு வாரத்துக்குத் தண்ணி படவே கூடாது. பட்டுது, தொலைஞ்ச."

பத்தரை மணிக்கு மாடி ரூமில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தான். புது பிளேடு. சானிடைசரால் துடைத்தான்.

முதல் அறுப்பு. நடுவில் பழுப்பு.

ஒரு தோசை கனத்துக்கு மேலே இன்னோர் அறுப்பு. பழுப்பு. எலுமிச்சம்பழ அளவு இருந்த தலை நெல்லிக்காயாகிவிட்டது.

இன்னொன்று. மிளகளவு பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான். திறந்தான்.

வெள்ளை! சுத்தமான வெள்ளை வளையம்!

மிச்சமிருந்தது சுண்டைக்காயை விடச் சற்றுப் பெரிது. செம்பியன் கொடுத்த தண்டின் நுனியைச் சீவி, வளையத்தின் மேல் வளையத்தை உட்கார வைத்து, ரப்பர் பேண்டைத் தலைக்கு மேலாகத் தொட்டியோடு சேர்த்து இழுத்து மாட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே கேட் சத்தம் கேட்டது.

பவானி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். தொட்டியை டீப்பாய் மேல் வைத்தான். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டான்.

"தண்டு அழுவிடுச்சி. தலைய அறுத்து வேற தண்டுல ஒட்டியிருக்கேன். பொழைக்குமான்னு தெரியல."

அவள் குனிந்து நெருக்கத்தில் பார்த்தாள். "நீங்களேவா ஒட்டுனீங்க?"

"ம்."

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க." உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ரெண்டு வாரம் ஈரம் படாம இருந்தா பொழைச்சிடும்."

பாலகுமாருக்கு மூன்று வாரமாக வராத மூச்சு அப்போதுதான் வந்தது.

லோகநாயகி வந்தாள். வலது கையில் காபி டம்ளர். இடது கையில் சொம்பு.

"வாம்மா, எப்ப வந்த?" டம்ளரை வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள். "அட, புதுசா நட்டிருக்கியாடா? நட்டதுக்கு உயிர்த்தண்ணி விடாம எந்தப் பயிருடா பொழைச்சிருக்கு?"

சொம்பு வலது கைக்கு மாறியது.

பவானி தொட்டியைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள். கண் கொட்டாமல்.

எழுந்து அந்தச் சொம்பைப் பிடித்தால் போதும். இரண்டடி தூரம். கால் அசையவில்லை.

"அம்மா..."

"என்னாடா?"

ஒரே ஒரு வார்த்தை. வந்ததோ வேறு.

"கொஞ்சமா ஊத்தும்மா."

சொம்பு கவிழ்ந்தது. தண்ணீர் தலையில் விழுந்து, ரப்பர் பேண்டை நனைத்து, வெட்டுவாய்க்குள் இறங்கி, டீப்பாய் விளிம்பிலிருந்து சொட்டியது. லோகநாயகி ஆசையோடு மண்ணைத் தட்டிக்கொடுத்தாள்.

பவானி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் வரேன் அத்தை."

வாசல்வரை ஓடினான். "பவானி, ஒரு நிமிஷம்..."

"எனக்கு இது சரிவராதுங்க," என்றாள் அவள். கோபமே இல்லை. ரத்த டெஸ்ட் ரிசல்ட் சொல்கிற குரல். "எங்க வீட்டுல நானே சொல்லிக்கிறேன்." கேட்டைச் சாத்திவிட்டு ஷேர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

அம்மா காலிச் சொம்போடு பின்னால் வந்து நின்றாள்.

"ஏண்டா, காபிகூட குடிக்காம போவுது? அந்தப் புள்ளகிட்ட என்னாடா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றான் பாலகுமார்.