ஸ்பானியாச் சாயங்காலம்

பூங்கனி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, புருஷனுடைய கப்பல் பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். துணி வைக்காவிட்டால் அது அவள் காலில் நிற்காது.

"வெறுங்கால்ல ஆடினா சத்தம் வராதுட்டி," என்றார் கட்டிலில் கிடந்த ராஜையன். "குதிகால் தரையில அடிக்கணும். அதாக்கும் பிளமெங்கோ."

"இப்ப மைனி ஜெபத்துக்கு ஆளுகளக் கூட்டிட்டு வருவா. பாத்தா எனக்க மானம் போவும்."

"வரதுக்குள்ள ஆடிருட்டி."

நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, இனி கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராஜையன் கேட்டது இதுதான். யுத்தகாலத்தில் கப்பலில் சமையற்காரராக இருந்தபோது ஸ்பானியாத் துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்ட சாயங்காலம். ஒருவன் கிதார் வாசிக்க, இன்னொருவன் தொண்டை கிழியப் பாட, கறுப்பு உடுப்புக்காரி ஒருத்தி தரையை மிதித்து ஆடினாளாம்; சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்களாம். பவுல் அப்போஸ்தலன் போக ஆசைப்பட்ட ஸ்பானியாவைப் பூங்கனி வேதப்புத்தகத்தில் படித்திருக்கிறாள். இப்படி ஒருத்தி அங்கே இருப்பாளென்று அதில் இல்லை.

யுத்தம் முடிந்து வீடு வந்த பிறகும் பாதி மனிதர் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே போதும், இவள் ஆட்டுக்குக் குழை போட எழுந்து போய்விடுவாள். இன்று எழ முடியவில்லை. அவர் போகுமுன் அந்தக் கடைக்குள் தனக்கும் ஓரமாக ஓர் இடம் கிடைக்காதா என்றிருந்தது.

அந்தக் கடையில் தின்றதாக அவர் சொன்னபடியே, குளச்சலிலிருந்து மீன்காரன் ததேயுஸ் கொண்டுவந்த சிப்பியைப் போட்டு, மஞ்சள் சேர்த்து, கருங்கல் ஊர் மருந்துக்கடையில் வாங்கிய ஒலிவ எண்ணெயில் சோறு ஆக்கியிருந்தாள். ஒரு வாய் ஊட்டினாள்.

"எப்பிடி இருக்கு?"

"தைலம் குடிச்ச மாதிரி இருக்கு." சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. "கொள்ளாம். இன்னும் ஒரு வாய் தா."

ஊட்டிவிட்டு எழுந்து நின்றாள். "அவளப் போல எனக்கு வராது."

"அவ மொகமே எனக்கு ஓர்மையில்ல."

"பின்ன எதுக்கு இத்தன வருசமா அதையே சொன்னிய?"

"அண்ணைக்கு அங்க எல்லாருக்கும் கூட்டு உண்டு. நான் மட்டும் ஒத்தைக்கு இருந்தேன். பக்கத்துல நீ இருந்தா கொள்ளாமேண்ணு இருந்துது." மூச்சு வாங்கினார். "ஆடு. நான் கைதட்டுகேன்."

அவள் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பூட்ஸ் தரையில் விழுந்ததும் முற்றத்துக் கோழி பதறிப் பறந்தது.

"இன்னும் ஓங்கி மிதி!"

மிதித்தாள். பின்னால் கைத்தட்டல் விட்டுவிட்டு வந்தது. அவளும் காலை மெதுவாக்கினாள். பிறகு ஒரு தட்டு. பிறகு இல்லை. கொஞ்ச நேரம் தான் மட்டும் மிதித்துப் பார்த்தாள்.

திரும்பினாள். கடைசித் தட்டுக்குச் சேர்ந்த கைகள் சேர்ந்தபடியே நெஞ்சில் கிடந்தன.

வாசலில் பேச்சுக்குரல்கள் கேட்டன. பூங்கனி கட்டிலோரம் உட்கார்ந்து, பூட்ஸ் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதலில் வந்தது ராஜையனுடைய அக்காள் கிரேசி. தம்பியின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணிட்டே போயிருக்கான் எனக்க தம்பி! கையப் பாருங்கோ!"

கூட வந்த பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"கடைசியா என்னட்டி சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல, மைனி."

அவர்கள் கீர்த்தனையைத் தொடங்கினார்கள். சேலைக்கடியில் பூட்ஸின் குதிகால் தரையைத் தொட்டது. மறுபடியும் தொட்டது. பாட்டின் தாளத்தோடு அது சேரவில்லை.