மிதவைச் சட்டை

...கழுத்து வழியாகத்தான் மாட்ட வேண்டுமாம், சரி, மாட்டியாயிற்று, ஆனால் தொடை நடுவே வருகிற இந்த வாரைப் புடவை கட்டியவள் எங்கே கொண்டுபோய்ச் செருகுவாள், இதைத் தைத்தவன் அதை யோசித்தானா, வெள்ளைக்கார மதாம் மண்டிபோட்டு உட்கார்ந்து கொசுவத்தின்மேல் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என்று வாரை வைத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள், அமிர்தவல்லிக்கும் சிரிப்பு வந்தது, நாற்பதைத் தாண்டிய வயதில் துய்மா வீதியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, வசந்தா பார்த்தால் என்ன சொல்வாள், என் அம்மாவா இது என்பாள்... ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று, கடலுக்கடியில் முங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டை, உள்ளே ரப்பர் பை, குழாயை வாயில் வைத்துக் காற்று ஊதினால் ஆளை மேலே தூக்கும், காற்றை விட்டால் கீழே இறக்கும், பாதியில் நிற்க வேண்டுமென்றால் அதற்கும் ஓர் அளவு உண்டாம். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்பதற்குச் சட்டை வேறு வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து அவள் சட்டை இல்லாமலேதான் அப்படி நின்றுகொண்டிருக்கிறாள். வீட்டுக்கார முசே இங்கே பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிரான்சுக்குத் திரும்புகிறார், திரும்பிப் போகிறவர்கள் வழக்கப்படி வீட்டில் இருப்பதெல்லாம் விலைக்கு வந்துவிட்டது, பிரிட்ஜ், மொபிலெட், கொசுவலை, பிரம்பு நாற்காலி, எல்லாவற்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறது, தூணோரம் நிற்கிற தன்மேல்தான் இன்னும் ஒட்டவில்லை.

பலராமன் உள்ளே கூடத்தில் முசேயோடு உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன். ஊரில் சொல்தா என்றால் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு, இப்போது பிரான்சில் தூலோன் துறைமுகத்தில் காவல் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், வரும்போது சென்ட் பாட்டிலும் சீஸ் டப்பாவும் வரும், போகும்போது ஒரு வாக்கு மிச்சமிருக்கும். பேப்பர் போட்டுடலாம் அமிர்தம், இந்த தடவ கண்டிப்பா போட்டுடலாம். என்ன பெரிய பேப்பர்? மயிலம் கோயிலில் தாலி கட்டியதைப் பிரெஞ்சுக்காரன் பதிவில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பட்டாளத்தில் சேரும்போது கல்யாணம் ஆகாதவன் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டாராம், இப்போது மாற்றினால் கேள்வி கேட்பார்களாம், கேட்கட்டுமே, பதில் இல்லாத கேள்வியா அது? பதிவு இல்லை என்றால் அங்கே அவள் யாரும் இல்லை. பாஸ்போர்ட் இல்லை, வசந்தாவுக்கும் இல்லை, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் அழுவதற்கு மட்டும்தான் அவளுக்கு உரிமை. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் புருஷன் கட்டியவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டான், அவள் இரண்டு தடவை பாரீஸ் போய் வந்துவிட்டாள், சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டை வெளியே உலர்த்துகிறாள், யார் பார்ப்பதற்கு? அமிர்தவல்லி பார்ப்பதற்குத்தான்.

இந்த முறை வந்தவுடனே சொன்னார், லீவு முடிந்ததும் நேராகத் தூலோன் போகப்போவதில்லை, மாலத்தீவுக்குப் போய்க் கடலில் முங்கப் போகிறேன், வெந்நீர் மாதிரி இருக்குமாம் அந்தக் கடல், தனியா போய் என்னா பண்றது, தொணையோடதான் போவணும் என்று. துணை என்றால் யார்? கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயம், மறுநாளே வசந்தாவைக் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய், காது தெரிகிற மாதிரி தலையை வாரி, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டாள், எடுத்ததைப் பலராமனிடம் சொல்லவில்லை. இன்று காலையில் அவரே, அமிர்தம் கெளம்பு, ஒரு சட்ட போட்டுப் பாக்கணும், நீ வந்தாத்தான் சரியா வரும் என்றபோது கையில் இருந்த குழம்புக் கரண்டியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. வாசலில் இவள் யார் என்று மதாம் கேட்டதற்கு மா குசீன் என்றார். உறவுக்காரியாம். பொய்யில்லையே, அவள் அவருக்குத் தாய்மாமன் மகள்தானே, கோபம் வந்தாலும் கொஞ்சினாலும் மாமன் மவளே என்றுதானே கூப்பிடுவார், கூச்சப்படுகிறார் என்று நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டேதான் படியேறினாள்.

அவரும் சும்மா இல்லை, கூடத்திலிருந்து எழுந்து எழுந்து வந்து பார்த்தார். "கழுத்துல அறுக்குதா? மார இறுக்குதா? கைய நல்லா தூக்கிப் பாரு. எதையும் மறைக்காம சொல்லணும்." எங்கே வலிக்கிறது என்று இந்த மனிதர் இதற்குமுன் எப்போது கேட்டார்? வசந்தா பிறந்தபோதுகூடத் தந்திதான் வந்தது. ஆரஞ்சு சட்டை பழசு, கழுத்து ஓரம் மொரமொரவென்று நின்று தோலை உரசியது, மருந்துக்கடை நாற்றம் வேறு, ஆனால் உள்ளே உறுதியாம், முசே அடித்துச் சொன்னார். நீலம் பதவிசாக உட்கார்ந்தது, சொந்த ரவிக்கை மாதிரி. மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா, கொக்கி துருப்பிடித்திருக்கிறதா, பையைக் குலுக்கினால் உள்ளே உப்பு கட்டிக் கலகலக்கிறதா என்று முசே ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட பலராமன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குளிர்க் கடல் என்றால் தடி ரப்பர் உடுப்பு வேண்டும், அது ஆளை மேலே இழுக்கும், அதற்கு ஈடாக இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும், ஈயத்தையும் சேர்த்துத் தூக்கப் பெரிய சட்டை வேண்டும், மாலத்தீவில் அந்த வம்பே இல்லை, சின்னதே போதும். சின்னதே போதும் என்று அவளும் தலையாட்டினாள். நீந்தத் தெரியாதே... தெரியாவிட்டால் என்ன, அவர் கையைப் பிடித்துக்கொண்டால் ஆயிற்று, தூக்கத்தான் சட்டை இருக்கிறதே. மதாம் குழாயில் வாயை வைத்து ஊத ஊத நீலச் சட்டை உப்பி அவள் மார்பைச் சுற்றி அணைத்தது, உள்ளே தாலி எலும்பில் அழுந்தி வலித்தது, அந்த வலியைக்கூட அவருக்குச் சொல்லவில்லை, மூச்சை மட்டும் கொஞ்சமாக விட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மதாம் நிமிர்ந்து பார்த்து அவரிடம் கேட்டாள், உங்கள் குசீனும் முங்குவார்களா என்று. இவளுக்கு இதெல்லாம் வராது என்று அவர் பிரெஞ்சிலேயே சொல்லிச் சிரித்தார். சட்டை என் மனைவிக்கு, அவள் தூலோனிலிருந்து நேராக மாலத்தீவு வருகிறாள், அளவு பார்க்கத்தான் இவளைக் கூட்டிவந்தேன், ரெண்டு பேருக்கும் இதே உடம்பு. மா ஃபாம். என் பெண்டாட்டி. அமிர்தவல்லிக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது அவருடைய முடிவு, கல்யாணத்துக்குமுன் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் கூடத்தில் ஆறு வருஷம் பூவேலை செய்தவள், இடுப்பும் தோளும் அளவும் யார் யாருக்குத் தைக்கிறோம் என்பதும் நாள் முழுக்கக் காதில் விழுந்த பாஷை, பேச வராது, கேட்டால் புரியும், அதை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவர். என்ன அவர்? அவன். தையல்காரனுக்கு அளவுக்குப் பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்புவோமே, அதைப்போல அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான், அளவு எடுத்ததும் மடித்துத் திருப்பித் தருவான். கத்த வேண்டும். நான்தான் இவன் பெண்டாட்டி என்று இந்த மதாமிடம் சொல்ல வேண்டும். எந்த வாயால், எந்தப் பாஷையில், எதைக் காட்டி? தாலியைக் காட்டினால் இவளுக்கு என்ன தெரியும், ஏதோ நகை என்பாள். குசீன் இல்லை என்று மறுக்க முடியுமா, மாமன் மகளாகப் பிறந்து தொலைத்தோமே, பாவி இதற்கென்றே பார்த்துக் கட்டினானா? மதாம் முகம் மலர்ந்து அவள் தோளைத் தட்டினாள், எவ்வளவு நல்ல உறவுக்காரி என்பதுபோல. அமிர்தவல்லி திரும்பவும் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கன்னம் எரிகிறது.

கடைசியாகத் தண்ணீரில் பார்க்க வேண்டுமாம். முற்றத்துத் தொட்டியில் சட்டையை ஊதி உப்பவைத்து அமுக்கிப் பிடித்து எங்காவது குமிழி வருகிறதா பார் என்று அவளிடம் விட்டுவிட்டு அவன் திரும்பவும் கூடத்துக்குப் போனான், மதாம் துண்டு எடுக்க உள்ளே போனாள். ஆரஞ்சை அமுக்கினாள், ஒன்றுமில்லை, கல்லுப்போல் கிடந்தது. நீலத்தை அமுக்கினாள். இடது தோள் தையலில், மடிப்புக்குள், கடுகு அளவில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, வரிசையாக... தையலைப் பார்த்தே வளர்ந்தவள் கண்ணுக்கு அது தப்புமா? அந்தத் தூலோன்காரி எப்படி இருப்பாள், இதே உடம்பு என்றால் இதே வயிறா, இதே தழும்புமா, வெள்ளையா கறுப்பா, நம் ஊர்க்காரிதானோ, அவளை மட்டும் பதிந்தானா, அவளிடம் அமிர்தவல்லியை யார் என்று சொல்லியிருக்கிறான், குசீன் என்றா, அதுகூட இல்லையா? நன்றாக முங்கட்டும். ஐயோ, அப்படி நினைக்கக்கூடாது, அவள் என்ன செய்தாள், அவளுக்கும் இவன் ஏதாவது ஒரு வாக்குக் கொடுத்திருப்பான்... "என்னா அமிர்தம், எதுனா கசியுதா?" கூடத்திலிருந்தே கேட்டான். எழுந்து வந்து பார்க்கக்கூட இல்லை. ஆரஞ்சையே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, கழுத்து உரசினால் உரசட்டும், உயிருக்கு மோசமில்லை. "இல்ல மாமா, நீலமே நல்லா இருக்குது" என்றாள். சொன்னது அவள் குரல்தான்.

ராத்திரி முழுக்க ஊதி வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை என்று முசே வாசல்வரை வந்து சொன்னார். இவனுக்குப் பொறுமை ஏது, வூடு போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், எறங்கும்போது கெட்டியா இருந்துதுன்னா போதும் என்று உப்பிய நீலச் சட்டையை அவள் மடியில் வைத்து ரிக்‌ஷாவில் ஏற்றினான். வாய்க்கால் பாலம் தாண்டியது, ஆம்பூர் சாலை தாண்டியது. அவன் விசிலடித்துக்கொண்டு வந்தான். "மாமா, நம்ம பேப்பர் எப்ப போடப்போறீங்க?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே கேட்டாள், அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத்தான் கேட்டாள். "அடுத்த லீவுல பாத்துக்கலாம் வுடு. இப்ப நேரம் எங்க கெடக்குது?" முகம் எப்படியும் போகவில்லை. இருபது வருஷம் பார்த்து ஏங்கிய அதே முகம், வெயிலில் கொஞ்சம் வியர்த்திருந்தது. சரி, இறங்கும்போது சட்டை துவண்டிருக்கும், இவனுக்குத் தெரிந்துவிடும், போய் ஆரஞ்சை மாற்றி வாங்குவான், அமிர்தம் சரியா பாக்கல என்று திட்டுவானே தவிர, பார்த்துவிட்டுத்தான் சொன்னாள் என்று இவன் புத்திக்கு எட்டவே எட்டாது. ஆனால் தெரு முனை வந்துவிட்டது, சட்டை துவளவில்லை, அழுத்திப் பார்த்தாள், கெட்டியாகத்தான் இருந்தது, ஏன்... குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் இடது தோள் தையலின்மேல், மடிப்புக்குள், நகம் வெளுக்க அழுந்தியிருந்தது. எப்போது வைத்தாள்? தொட்டியிலிருந்து எடுத்தபோதா, வண்டியில் ஏறியபோதா? காற்றுப் போகாமல் யாரைக் காப்பாற்ற வைத்த விரல் இது, அந்த முகம் தெரியாதவளையா? இல்லை, அவன் கண்டுபிடித்துவிடாமல் இருக்கவா? செல்வாம்பாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் முதலில் இறங்கி, கொடு என்று இரண்டு கையையும் நீட்டினான், விரலை எடுக்க வேண்டும், எடுத்துத்தான் கொடுக்க வேண்டும், அமிர்தவல்லி விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.