குண்டெழுத்து

முனிவேல் தேக்குக் கட்டையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு 'ஔ' வெட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரியில் கௌஸ் மொய்தீனின் அச்சகத்துக்கு வந்த எவரும் அந்த எழுத்தைக் கேட்டதில்லை. மாட்டுச் சந்தைக்கும் தேர்த் திருவிழாவுக்கும் டூரிங் டாக்கீசுக்கும் 'ஔ' எதற்கு? ஆனால் பெங்களூர்க் கம்பெனிக்கு ஒரு எழுத்துக்கூடக் குறையக் கூடாதாம். இதுதான் கடைசி.

அவன் வண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்தவன். எட்டு வருஷத்துக்கு முன் அச்சகத்து மேசைக்குக் கால் போட வந்த இடத்தில், உடைந்துபோன போஸ்டர் எழுத்து ஒன்றை மரத்தில் வெட்டிக் கொடுத்தான். அதோடு அங்கேயே தங்கிவிட்டான். பழைய போஸ்டர் எழுத்துகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே பருமன். மை அப்பி, சுழியெல்லாம் அடைத்து, கறுப்புக் கட்டியாக விழும். முனிவேல் நிற்கிற கோடுகளை இரண்டு விரல் தடிமனுக்கு விட்டான்; படுக்கிற கோடுகளை நூலாக இழைத்தான். சுழிக்குள் வெளிச்சம் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரன்கூட மாட்டை நிறுத்திப் பார்த்தான். ஓசூர், பர்கூர் ஆட்களெல்லாம் வந்து, "அந்தக் குண்டெழுத்துல போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

அப்படி ஒரு போஸ்டரை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டுத்தான் சென்னகிருஷ்ணன் தேடி வந்தார். பெங்களூரில் ஈய எழுத்து வார்க்கிற கம்பெனியின் ஏஜெண்ட் அவர்.

"எல்லா எழுத்தையும் வெட்டி, தாள்ல அடிச்சு அனுப்புப்பா. உன் கையாலயே ஒரு மனுவும் எழுதி வை. எழுத்து வரையுற செக்சன்ல வேலை. கம்பெனி ஊடும் உண்டு" என்றார்.

வீடு என்றதில்தான் முனிவேல் விழுந்தான். மனைவி செல்வம்மாள் பாகலூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ராகிக் காட்டில் கூலி வேலை. இவன் அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவான். மைத்துனன் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுத் திரும்புவான். அவள் சமைக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு. வெட்டுகிற எழுத்து ஒவ்வொன்றுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருவதாக நினைத்துக்கொண்டான்.

மனுவில்தான் சிக்கல். அவன் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்தை அவன் கற்றது மரத்தில். மரத்தில் எழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்கும். தாளில் அடித்தால்தான் நேராகும். அச்சடித்த தாளை மனசுக்குள் திருப்பித் திருப்பி மெதுவாகப் படித்துவிடுவான். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை மரத்தின் வழியில்தான் போகும். கௌஸ் மொய்தீனைக் கேட்டால் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் உன் கையாலேயே என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தாரே. தவிர, அவர்கள் எழுத்து வார்க்கிறவர்கள். பொழுது விடிந்து பொழுது போனால் மாறின எழுத்தையே பார்க்கிறவர்களுக்கா இது படிக்க வராது? நாணல் குச்சியை மையில் தோய்த்து, தடித்ததும் மெலிந்ததுமாக, வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஒரு தாள் நிறைய எழுதினான்.

கம்பாசிட்டர் தீர்த்தகிரி எட்டிப் பார்த்தான். தினமும் அச்சுக் கோக்கிறவன். அவனுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மடமடவென்று படித்து முடித்தான்.

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதும்பாங்க. பாத்துக்க" என்று சிரித்தான்.

எழுத்து அடித்த தாள்களையும் மனுவையும் பெங்களூருக்கு அனுப்பி நான்கு மாதமாகியும் பதில் இல்லை. சந்தை நாளில் ஏஜெண்ட் ஓசூருக்கு வருவார் என்று கேள்விப்பட்டு முனிவேல் புறப்பட்டான். செல்வம்மாளுக்கும் சொல்லி அனுப்பினான். அவள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய மூட்டையோடு நின்றிருந்தாள். உள்ளே பாத்திரங்கள் உரசிச் சத்தமிட்டன.

"எதுக்கு இதெல்லாம் இப்பவே?"

"கையோட கூட்டினு போயிட்டாங்கன்னா? அண்ணிகிட்ட சொல்லிட்டே வந்துட்டேன்" என்றாள்.

சென்னகிருஷ்ணன் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கூடவே ஒரு ஆள், போஸ்டர் கட்டும் பசை வாளியுமாக. முனிவேலைப் பார்த்ததும் அவர் அவனைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"உன் எழுத்து ஈயத்துல வந்துடுச்சுப்பா. மெட்ராசு வரைக்கும் போவுது" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "அந்த மனுதான்... கண்ணாடியில காட்டித்தான் படிச்சாங்க. மேனேஜரு எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சாரு. எழுதத் தெரியாதவன எழுத்து செக்சன்ல எப்படி உக்கார வைக்கறதுன்னுட்டாரு. நான் என்னா சொல்லட்டும், சொல்லு?"

"நேரா எழுதக் கத்துக்கறேங்க. ஒரு மாசம் போதும்."

"பாக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

முனிவேல் திரும்பியபோது, பசை வாளிக்காரன் சுவரில் ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டு அடுத்த சுவருக்குப் போயிருந்தான். செல்வம்மாள் அதன் எதிரில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அவன் வெட்டியது எது என்று தெரியும்.

"ஏங்க, இது உங்க எழுத்துங்க!" என்று கத்தினாள். பஸ்ஸுக்கு நின்ற பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "எங்க ஊட்டுக்காரரு வெட்டினது."

"என்னா போட்டிருக்குதும்மா?" என்றாள் ஒருத்தி.

செல்வம்மாள் அவனைப் பார்த்தாள். "நீங்களே படிங்க."

முனிவேல் பார்த்தான். தடித்த கோடு, மெலிந்த கோடு, ஒன்றும் மாறவில்லை. மெதுவாக, ஒரு எழுத்தும் பிசகாமல் வாய்விட்டுப் படித்தான்.

"எங்கள் எழுத்து வார்ப்புக் கம்பெனிக்கு ஆட்கள் தேவை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்."

"அதான் படிச்சிட்டீங்களே" என்றாள் செல்வம்மாள், முகமெல்லாம் மலர. "போயி அவருகிட்ட சொல்லுங்க." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பெங்களூர் பஸ் நின்ற பக்கம் நடந்தாள்.